பாலும் பழமும் போதுமா?

கிளி வளர்ப்பவர்கள் எல்லாரும் கிளியின்மீது அன்பு உள்ளவர்களே. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் இக்கட்டுரையில் நான் குறை சொல்லப் போவது என் சொந்த அப்பாயியை!

எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு கூண்டு தொங்குகிறது. அதில் இருப்பது ரோஸி. தாத்தா ஒரு திருவிழாக் கடையில் வாங்கி வந்த பச்சைக்கிளி. வருகிறவர்களுக்கெல்லாம் "தோத்திரம்" சொல்லும். பங்குச் சாமியார் வந்தால் மட்டும் வாயே திறக்காது. கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் ஆண்கிளிக்குத்தான் உண்டு என்று நான் பறவைப் புத்தகத்தில் படித்துச் சொன்னபோது, "அதெல்லாம் ரோஸிதான், போடி" என்று அப்பாயி முடித்து விட்டார்கள். தாத்தா இறந்த பிறகு அப்பாயிக்கு அதுதான் துணை. காலையில் தாம் காப்பி குடிக்குமுன் அதன் கிண்ணத்தில் பாலும் பழமும் வைத்து விடுவார்கள்.

சென்ற ஆண்டு ரோஸி இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டு நாள் மூலையிலேயே உட்கார்ந்துவிட்டது. கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன கொடுக்கிறீர்கள்?" என்றுதான். பறவைகள் குஞ்சுகளைப் பாலூட்டி வளர்ப்பவை அல்ல; மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரையைச் சீரணிக்கும் நொதி அவற்றுக்கு இல்லை என்று விளக்கினார். இத்தனை ஆண்டுகள் நாங்கள் ஆசையாக வைத்தது அதன் வயிற்றுக்கு ஒவ்வாத பொருள்! அப்பாயி அன்று இரவு சாப்பிடவில்லை.

அன்பில் குறையில்லை, அறிவில்தான் குறை. இது பெரிய அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. நியூசிலாந்தில் காகாப்போ என்றொரு கிளி உண்டு. பறக்கத் தெரியாது, பகலில் உறங்கி இரவில் நடமாடும். 1995-இல் உலகிலேயே 51 பறவைகள்தாம் எஞ்சியிருந்தன. அவற்றைப் பெருக்கக் கூடுதல் தீனி வைத்தார்கள். ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த தாய்ப்பறவைகளுக்கு ஆண் குஞ்சுகளே அதிகம் பிறந்தன. பெண் பறவைகளே குறைவாக இருந்த இனத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து! பிறகு ஒவ்வொன்றையும் எடை பார்த்துத் தீனியை அளந்து வைத்தார்கள். ஒவ்வொரு பறவைக்கும் பெயர் வைத்து, முதுகில் சிறு வானொலிக் கருவி கட்டிக் கவனித்தார்கள். 2022-இல் அவை 252 ஆயின. ஆராய்ச்சி என்றால் பறவைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நம் பச்சைக்கிளி அவ்வளவு அரிதானதன்று. மாலையில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பதை எல்லாரும் பார்க்கிறோம். சோளக்கொல்லை வைத்திருக்கும் என் மாமா அவற்றைத் திட்டாத நாளில்லை. ஆனால் கூண்டுக்கு வரும் கிளி எங்கிருந்து வருகிறது? மரப்பொந்திலும் பட்டுப்போன தென்னையிலும் கண் திறந்தும் திறவாமலும் கிடக்கும் குஞ்சைத் தாயிடமிருந்து பிடுங்கி வருகிறார்கள். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். (கடையில் விற்கும் 'லவ் பேர்ட்ஸ்' வெளிநாட்டு இனம், அது வேறு கதை.) கிளி ஜோசியக்காரரைக் குற்றம் சொல்கிறோம், நம் திண்ணையை மறந்து விடுகிறோம்.

கிளி நம் பண்பாடு ஆயிற்றே என்பார்கள். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலுள்ள கிளியை நாள்தோறும் பச்சை இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள் என்று என் வகுப்புத்தோழி சொன்னாள். அந்தக் கிளிக்குக் கூண்டு வேண்டியதில்லை.

அப்படியானால் கூண்டைத் திறந்துவிட வேண்டியதுதானே? என் தம்பி அதையும் செய்து பார்த்தான். ரோஸி எதிர் வீட்டு முருங்கை வரைதான் பறந்தது. ஆண்டுக்கணக்காகப் பறக்காத சிறகுக்கு அதற்குமேல் வலுவில்லை. காக்கைகள் சூழ்ந்துகொண்டு கொத்தின. அப்பா ஏணி வைத்து ஏறி மீட்டு வந்தார். ஆகவே தோழியரே, உங்கள் வீட்டில் கிளி இருந்தால் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதீர்கள். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. பறக்கப் பழகும் கிளியைக் காட்டில் விடுவதா, முடியாததை வைத்துப் பராமரிப்பதா என்பதை அறிந்தவர்கள் தீர்மானிக்கட்டும்.

இதை நான் வீட்டில் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அப்பா சரி என்கிறார். அப்பாயி இன்னும் சம்மதிக்கவில்லை. "அங்கே அதுக்கு யாருடி பேச்சுக் கொடுப்பா?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாலை மட்டும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கொய்யாவும் முளைகட்டிய பயறும் வைக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறுபடியும் கேட்கப் போகிறேன்.