கனமில்லாத முழு ஹெல்மெட்: பார்த்து வாங்குங்கள்

சென்ற வாரம் ஹெல்மெட் விற்கும் கடை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

“தம்பி, லேசா ஒண்ணு எடுத்துக் குடுப்பா. தலையில இருக்கறதே தெரியக் கூடாது.”

“இதப் பாருங்கக்கா, வெறும் தொப்பி மாதிரிதான் இருக்கும். போலீஸ் பிடிக்க மாட்டாங்க. அது போதுமில்ல?”

போதும் என்று அந்த அம்மாளும் வாங்கிக்கொண்டு கிளம்பி விட்டார். கூட வந்திருந்த ஏழெட்டு வயதுச் சிறுமிக்கு ஒன்றும் வாங்கவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் ஏறி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது குழந்தை.

சகோதரிகளே, ஒரு புடவை எடுக்க ஐந்து கடை ஏறி இறங்குகிறோம். குக்கர் வாங்கினால் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஹெல்மெட் என்று வந்தால் மட்டும் ஆயிரம் ரூபாய் அபராதத்திலிருந்து தப்பித்தால் சரி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து விடுகிறோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்களே அல்ல, பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம் வீடுகளில் பின் சீட்டில் உட்காருவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதி ஹெல்மெட்டா, முழு ஹெல்மெட்டா என்று கேட்டு எழுதுகிறவர்கள் அநேகம். என் அபிப்பிராயம் முழு ஹெல்மெட்தான். வண்டியிலிருந்து விழுகிறவர்கள் உச்சந்தலை தரையில் படும்படி விழுவதில்லை. முன்பக்கமாகச் சாய்ந்து, நெற்றியும் மூக்கும் முகவாயும் தேய்ந்துகொண்டு போகும்படிதான் பல பேர் விழுகிறார்கள். ஜெர்மனியில் டயட்மர் ஓட்டே என்ற ஆராய்ச்சியாளர் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளை ஆராய்ந்து பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி முகவாய்ப் பக்கத்தில் பட்டிருந்தது. பாதி ஹெல்மெட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, வெறும் காற்று! தாடை எலும்பு முறிந்து கம்பி கட்டிக்கொண்டு, வாரக் கணக்கில் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பல் போனால் கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவில் நல்ல ஹெல்மெட் பத்து வாங்கலாம்.

“முழு ஹெல்மெட் கனமா இருக்கே, கழுத்து வலிக்குதே” என்பதும் வாஸ்தவமான புகார்தான். காலையில் பள்ளிக்கூடம், பிறகு காய்கறிக் கடை, மத்தியானம் பாங்க், மாலையில் டியூஷன் என்று ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போட்டுக் கழற்றுகிறவளுக்கு அது பெரிய சிரமம். கனமாக இருந்தால் நாலாவது நாள் அது வண்டியின் பெட்டிக்குள் போய்விடும். அதனால் லேசாக இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. எப்படி லேசாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட்டுக்குள் இரண்டு பாகம் உண்டு. வெளியே கெட்டியான ஓடு. உள்ளே, மெத்தைத் துணிக்குப் பின்னால், தெர்மோகோல் போன்ற ஒரு கெட்டி அடுக்கு. மாம்பழக் கூடையில் வைக்கோல் செய்கிற வேலையை இந்த அடுக்கு செய்கிறது. அடி விழும்போது தான் நசுங்கி, அதிர்ச்சி மூளைக்குப் போகாமல் வாங்கிக்கொள்கிறது. சாலையோரம் இருநூறு ரூபாய்க்குக் குவித்து வைத்திருக்கும் ‘லேசான’ ஹெல்மெட்டைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக அந்த அடுக்கே இருக்காது. இருந்தாலும் விரல் நுனி கனத்துக்கு ஒரு பஞ்சு மட்டும் இருக்கும். வைக்கோலை எடுத்துவிட்டால் கூடை லேசாகத்தானே இருக்கும்?

நியாயமான வழியில் கனம் குறைவது வேறு காரணங்களால். முதல் காரணம், அளவு. ஓடு சிறியதானால் கனமும் குறையும். நம்மில் பலர் வீட்டுக்காரருடைய ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு ‘கனம் கனம்’ என்று சொல்கிறோம். அது அவர் தலைக்குச் செய்தது! இரண்டாவது காரணம், ஓடு எதனால் ஆனது என்பது. சாதாரண பிளாஸ்டிக் ஓடு விலை மலிவு, சற்றுக் கனம். கார்பன் இழை என்று ஒன்று வருகிறது. பூப்போல இருக்கும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். குடித்தனக்காரர்களுக்கு அது தேவையில்லை. நல்ல பிளாஸ்டிக் ஓடு, உங்கள் அளவுக்குச் சரியானது, ஒண்ணேகால் கிலோவை ஒட்டிக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் வேறு பாருங்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கால் கிலோ வித்தியாசம் கையில் பிடித்தால் தெரியாது. சிக்னலில் நாலு நிமிஷம் நின்றால் கழுத்துக்குத் தெரியும். முகவாய்ப் பகுதியை மேலே தூக்கிக்கொள்ளும்படி வரும் ஹெல்மெட்டில் கீல்களும் பூட்டும் சேர்வதால் கனம் கொஞ்சம் கூடுதல். வழியில் நின்று பேசச் சௌகரியம்தான், ஆனால் ஓடும்போது பூட்டித்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மலைப் பாதையில் சைக்கிள் விடுகிற பிள்ளைகளுக்கென்று முகவாயும் மூடிய ஹெல்மெட் ஒன்று விற்கிறார்கள். முக்கால் கிலோதான் இருக்கும், காற்றுப் போக நிறைய துவாரங்கள், பார்க்கவும் அழகு. “இதையே ஸ்கூட்டருக்குப் போட்டுக்கலாமே” என்று தோன்றும். போட்டுக்கொள்ளாதீர்கள். சைக்கிள் வேகத்துக்குச் செய்தது அது. மோட்டார் வண்டிக்கான சோதனையில் தேறியதல்ல. சைக்கிள் ஓட்டும் மகனுக்கு வாங்கிக் கொடுங்கள், அவனுக்கு அது உத்தமமான சாமான்.

இனி முத்திரை. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்ட விரோதம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று ஆரம்பிக்கும் உரிம எண்ணும் இருக்கும். வெறும் முத்திரையை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. கையில் போன் இருந்தால் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள், எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

அளவு எடுக்க தையல் டேப் போதும். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே ஆரம்பித்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். 56 சென்டிமீட்டர் என்றால் ஹெல்மெட்டில் 560 என்று போட்டிருக்கும். போட்டுப் பார்க்கும்போது கன்னம் இரண்டும் லேசாக அமுங்க வேண்டும். ‘டைட்டா இருக்கே’ என்று உடனே கழற்றி வைத்துவிடாதீர்கள், மெத்தை நாளடைவில் இளகும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரிது. பட்டையை மாட்டிய பின் பின்புறத்தைப் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லுங்கள், கழன்று வரக் கூடாது. பத்து நிமிஷம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். கழற்றினால் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்து வலித்தால் அந்த மாடல் உங்கள் மண்டை வாகுக்கு ஒத்து வராது. பட்டை தாடைக்கடியில் இரண்டு விரல் நுழையும்படி இருந்தால் போதும். பட்டையை மாட்டாமல் ஓட்டினால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

இதற்குமேல் நமக்கென்றே சில தொல்லைகள் உண்டு, ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்தோரம் தழையப் பின்னிக்கொள்ளுங்கள். பூவைப் போகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜிமிக்கி, தொங்கட்டான் மெத்தையில் மாட்டி, கழற்றும்போது காதையே இழுக்கும். தோடு பரவாயில்லை. கண்ணாடி போடுகிறவர்கள் ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கண்ணாடியைச் செருகிப் பார்த்து வாங்குங்கள். காதோரம் அழுத்தினால் அரை மணியில் தலைவலி வந்துவிடும். ஈரத் தலையோடு மாட்டாதீர்கள், நாற்றமும் பொடுகும் அதிலிருந்துதான். மெல்லிய பருத்திக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு மேலே போடலாம். டவலை மடித்து வைத்தால் பொருத்தமே கெட்டுப் போகும். ஸ்டிக்கர் பொட்டு கழன்று உள்ளே ஒட்டிக்கொள்வதை மட்டும் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை!

முகத்தின் முன்னால் வரும் கண்ணாடித் தகடு நிறமில்லாததாக இருக்கட்டும். கறுப்புத் தகடு வெயிலுக்குச் சுகம், பொழுது சாய்ந்த பிறகு பள்ளமும் தெரியாது நாயும் தெரியாது. கீறல் விழுந்துவிட்டால் எதிர் வண்டி விளக்கு நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிதறும். தகடு மட்டும் தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். தகட்டைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் துடைக்கவே கூடாது, ஈரத்துணி போதும். மெத்தை கழற்றி மாட்டும்படி இருந்தால் சிலாக்கியம். ஷாம்பூ தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் அருகே வேண்டாம், ஓடும் அடுக்கும் கெட்டுப் போகும்.

குழந்தைகள் விஷயம். நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட சிறிசுகளுக்கும் 2023 பிப்ரவரி 15 முதல் விதி உண்டு. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், வேகம் 40 கிலோமீட்டருக்குள். அந்த வயதுக்கு சர்வதேசத் தரமுள்ள சைக்கிள் ஹெல்மெட்டையும் அனுமதித்திருக்கிறார்கள். பிஞ்சுக் கழுத்து கனத்தைத் தாங்காது அல்லவா? “வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கிடலாம்” என்று பாவாடை தைப்பது போல இரண்டு அளவு கூட்டி வாங்காதீர்கள். தொளதொளவென்று இருக்கிற ஹெல்மெட் கண்ணை மறைக்கும், விழும்போது கழன்று போகும். பெரியவளுடையது சின்னவளுக்கு இறங்கலாம், அடி எதுவும் படாததாக இருந்தால்.

அடி பட்டதென்றால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே நசுங்கிய அடுக்கு மறுபடி உப்பாது. அடி படாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். யாரோ உபயோகித்த பழைய ஹெல்மெட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கவும் வேண்டாம், அது எங்கே விழுந்து எழுந்ததோ!

“பக்கத்துத் தெருதானே, இதுக்குப் போயா” என்று மாமியார்கள் சொல்வார்கள். அவர்களிடம் விவாதம் செய்து ஜயிக்க முடியாது. “ஆமாம்மா, போலீஸ்காரன் நிக்கறான்” என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். படித்தவர்கள் கேட்டால் 2008-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பைச் சொல்லலாம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விபத்தில் மாட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் இருந்தால் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதமும், மரணம் 42 சதவீதமும் குறைகிறது.

கடைசியாக ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முழு ஹெல்மெட் போட்டவர் ரோட்டில் விழுந்து கிடந்தால், பதறிப் போய் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு இழுப்பு கை கால்களை முடக்கிவிடலாம். முன் தகட்டைத் திறந்து விடுங்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். ஒருவர் தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-க்கு போன் செய்யட்டும். மூச்சே இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும். அப்போதும் ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் பட்டையை அவிழ்த்து, இரண்டு ஓரங்களையும் விரித்துப் பிடித்து மெதுவாக உருவ வேண்டும்.