பெயர் பெற்ற முகமும் பெயர் பெறாத முகமும்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சிலே பிரபு ஒருவரின் முகம் செப்புத் தகட்டில் ஏறியபோது அவருடைய பெயரும் அதனுடன் ஏறிற்று. றொபேர் நாந்தெய் (1623-1678) செதுக்கிய 200க்கும் மேற்பட்ட முகப்படங்களை நோக்குவோர் இதனை உணர்வர். தூரென் பிரபுவின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். கன்னத்தின் மென்மையையும் கவசத்தின் மினுக்கத்தையும் உளியின் கோடுகளாலேயே காட்டியுள்ள திறம் வியக்கத்தக்கது. கோடுகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளையிடையே அழுத்துவர். ஒரே தகட்டிலிருந்து பல நூறு படிகள் பிறக்கும். முகம் சென்ற இடமெல்லாம் பட்டமும் குலச்சின்னமும் கூடவே செல்லும். பதினான்காம் லூயி மன்னன் 1660 இல் இத்தொழிலைக் கைவினைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்துக் கலையென ஏற்றுக்கொண்டான். அக்கலையைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. அது யாருக்குப் பெயர் வழங்கிற்று என்பதே வினா.

நம் நாட்டுக்கும் இதிலே பங்குண்டு. 1672 இல் கொட்டியாரத்துக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை, லனரோல் என்னும் பிரபுவைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனிடம் தூதனுப்பியது. அரசவை ஒழுக்கத்தை மதியாது நடந்த தூதன் சிறைப்பட்டான். இச்செய்தியை எழுதிய றொபேட் நொக்ஸும் அம்மன்னனின் கைதியாயிருந்தவரே. 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் இராஜசிங்கனின் செதுக்குப்படம் ஒன்று உண்டு. 1630 இல் ஊவா மண்ணிலே போர்த்துக்கேயரை முறியடித்த அம்மன்னனை இலண்டன் சிற்பி எங்கே கண்டான்? நேரிற் காணாத முகத்துக்கும் மன்னனின் பெயர் தவறாது பொறிக்கப்பட்டது.

இனித் தெமோதரைக்கு வருவோம். 1924 இல் பதுளை வரை திறக்கப்பட்ட புகையிரதப் பாதை இங்கே மலையைச் சுற்றி வளைந்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாய்ச் செல்கிறது. அவ்விந்தையைக் காண வருவோர் சரிவிலே கொழுந்து கொய்யும் பெண்ணையும் படமெடுக்கின்றனர். அவள் நெற்றியின் சுருக்கமும் விரலின் கறையும் அதிலே தெளிவாக விழுகின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனையான தபாலட்டைகளிலிருந்து இன்றைய உல்லாசப் பயண விளம்பரங்கள் வரை அவளுக்குக் கிடைத்த தலைப்பு 'தேயிலை கொய்யும் தமிழ்ப் பெண்' என்பதே. அன்று முகத்தைக் காணாமலே பெயர் தந்தார்கள். இன்று முகத்தை முழுதாய்க் கண்டும் பெயரை விட்டுவிடுகிறார்கள்!

பிரபு பணங்கொடுத்துத் தன்னை வரையச் செய்தான். இதுவோ தொழிலைக் காட்டும் படம். ஆதலால் பெயர் வேண்டியதில்லை என்று வாதிப்போர் உளர். தொழிலைக் காட்டக் கூடையும் கையும் போதுமே! அவள் முகத்தையும் சிரிப்பையும் ஏன் தேடிச்சென்று பிடித்தார்கள்? பொருளை விற்க முகம் வேண்டும், முகத்துக்குரியவள் வேண்டாம் என்பதன்றி இவ்வாதத்தின் உட்பொருள் வேறில்லை. பெயர் தெரியாது என்ற சாட்டும் செல்லாது. காலையிற் பிரட்டுக்களத்திலே அவளுடைய பேர் பதியப்படுகிறது. செக்ரோலில் அரைநாட் பேரையும் தவறவிடாத தோட்ட நிர்வாகம், படமெடுக்க வந்தவர் கேட்டிருந்தால் அவளின் பெயரைச் சொல்ல மாட்டாதா?

இன்னுமொன்று. 1948 இன் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இசைந்தது. அவ்வாறு சென்றோரின் கடவுச்சீட்டிலே முகமும் பெயரும் ஒருங்கே இருந்தன. ஆளை அனுப்புவதற்குப் பெயர் தேவைப்பட்டது. அழகு பார்ப்பதற்கு மட்டும் அது தேவைப்படவில்லை!

படமெடுக்குமுன் அவளின் சம்மதத்தைக் கேட்பதும், அவள் விரும்பின் பெயரை அடியில் அச்சிடுவதும் எவருக்கும் பெருஞ்செலவான காரியமல்ல. பழைய படங்களின் கதை வேறு. 1960களிலும் 1970களிலும் எடுக்கப்பட்டவற்றிலுள்ள முகங்களைக் கண்டு, "இவ எங்க பெரியம்மா" என்று சொல்லக்கூடிய முதியோர் தோட்ட லயங்களில் இன்னும் வாழ்கின்றனர். படத்தொகுப்பு வைத்திருக்கும் நூலகத்தாரும் ஆய்வு மாணவரும் 'தோட்டப் பெண்' என்று மட்டும் எழுதியிருக்கும் அட்டைகளை எடுத்துக்கொண்டு, அம்முதியோர் இருக்கும்போதே மலையேற வேண்டும்.