வட்டி அல்ல, முதலே முக்கியம்

வளைகுடாவிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்புபவர், வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டிக்கு முன் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். வங்கி முடங்கினால் வைப்புத்தொகைக் காப்பீடாகக் கிடைப்பது அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வரம்பு அதேதான். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, ஒரு கணக்கிலிருந்து முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது.

கூடுதல் வட்டியை ஏன் விட வேண்டும் என்று கேட்கலாம். விட வேண்டாம், கூடுதல் வட்டி தரும் வங்கியில் 5 லட்சத்துக்குள் நிறுத்திக்கொண்டு, மீதியை வேறு வங்கிகளில் பிரித்துப் போடலாம். ஊர் திரும்பியதும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்க உதவும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்றியாக வேண்டும். வங்கியிடம் தாமதிக்காமல் தெரிவியுங்கள்.