‘சுகர் புண் ஆறாது’ என்பது பொய்

“சுகர் இருக்குல்ல, புண்ணு ஆறாது.” மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார், அப்பாவின் காலைப் பறிகொடுத்த மகனும் சொல்கிறார். மருத்துவமனை வராந்தாவிலும் இதே பேச்சுதான். உள்ளங்காலில் புண்ணோடு இதைக் கேட்பவர் அங்கேயே பாதி தளர்ந்துபோகிறார். ஆறாத ஒன்றுக்கு ஏன் அலைய வேண்டும் என்று பவுடரைத் தூவி, துணியைச் சுற்றி, அதே செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். சில மாதங்களில் சீழ் எலும்புக்குப் போய்விடுகிறது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. “அப்பவே சொன்னோமே” என்கிறது ஊர். அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தது எது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்தப் பொய்யை நம் மண்ணிலேயே ஒருமுறை உடைத்திருக்கிறார்கள். அன்று அது தொழுநோயின் பெயரில் உலவியது. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அதில் வந்த புண் ஆறாது, விரல்கள் தாமாக அழுகி விழும் என்று மருத்துவர்களே நம்பிய காலம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்களில் அவர் செய்த அறுவைகளின் காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின. அப்படியானால் உள்ளங்காலில் உள்ள புண் மட்டும் ஏன் ஆறவில்லை? காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார். நாள்பட்ட புண்களும் உள்ளே ஆறின. 1930-களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோய் மருத்துவர்கள் சிலர் கையாண்ட முறைதான் அது.

மாவுக்கட்டில் மருந்து எதுவும் இல்லை. உடலின் எடை ஓரிடத்தில் விழாமல் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் அது பகிர்ந்து கொடுத்தது, அவ்வளவுதான். சதையில் கோளாறே இல்லை. நரம்பு கெட்டதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடந்தார்கள். உணர்ச்சி உள்ள மனிதர் முள் குத்தினால் நொண்டுவார். அந்த நொண்டல்தான் அவருக்கு வைத்தியம். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அறிவும் அவரோடு போனது. அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பரவியது.

சர்க்கரை நோயிலும் நடப்பது பெரும்பாலும் இதேதான். நரம்பு மரத்துப்போகிறது. பாதத்தின் சின்னத் தசைகள் தளர்ந்து விரல்கள் வளைகின்றன. எடை முழுவதும் முன்பாதத்தில் ஓரிரண்டு இடங்களில் இறங்கி, அங்கே தோல் காய்த்துப்போகிறது. காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி உடைகிறது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் நடந்து கொப்புளம் வந்தது தெரியாமலே வீடு திரும்புகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட புண்ணுக்குக் களிம்பை மாற்றி மாற்றிப் போட்டு, மாத்திரையை ஏற்றிக்கொண்டே போய், அதன்மேல் நடக்கவும் விட்டால் எப்படி ஆறும்?

2001-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கழற்ற முடியாத மாவுக்கட்டுப் போட்ட சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு 12 வாரங்களுக்குள் உள்ளங்கால் புண் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுக்கப்பட்டவர்களில் ஆறியது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குத்தான். வேறுபாடு எங்கே என்று 2003-இல் தெரிந்தது: நோயாளிகள் எடுத்துவைத்த அடிகளில் 28 விழுக்காட்டின்போது மட்டுமே அந்த பூட்ஸ் காலில் இருந்தது. வலியில்லாத மனிதர் அதைக் கழற்றத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாப் புண்ணுக்கும் மாவுக்கட்டு என்று நான் சொல்லவில்லை. காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தால், கடுமையான தொற்று இருந்தால், கட்டுப் போடுவதே ஆபத்து. சர்க்கரை ஏறியிருக்கும்போது வெள்ளணுக்கள் சரியாகப் போராடுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் இவை ஒவ்வொன்றும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய, பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணங்கள். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் அடைப்பின் அறிகுறி தெரியும். அடைப்பைத் திறக்கவும் மாற்றுப்பாதை போடவும் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். தொற்றுக்கு மருந்து உண்டு, செத்த சதையை வெட்டி எடுக்கும் முறை உண்டு. ‘சுகர் புண்’ என்று ஒரே பெயரில் மூட்டை கட்டியவுடன் இந்தத் தேடல் நின்றுவிடுகிறது. என் கோபம் அதன்மேல்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, புண்ணைக் காற்றாடக் காயவிட வேண்டும் என்பது. ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962-இலேயே பன்றித் தோலில் காட்டினார்: ஈரம் காக்கும்படி மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் படர்ந்தது. நாமோ இன்னும் மஞ்சளும் சாம்பலும் தூவிக்கொண்டிருக்கிறோம்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இத்தனை பேரின் பாதங்கள் மேசைக்கு அடியில் செருப்புக்குள் இருக்க, மேசைக்கு மேலே ரத்தப் பரிசோதனைச் சீட்டு மட்டும் கைமாறுகிறது. பத்து கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டால் மரத்துப்போன இடம் தெரிந்துவிடும்; சில நிமிட வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், இன்னொரு களிம்புச் சீட்டோடு திரும்பாதீர்கள். எடை எங்கே விழுகிறது, ரத்தம் வருகிறதா, எலும்பில் தொற்று இருக்கிறதா என்று கேளுங்கள். காலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதவரை, ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவர் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். புண் ஆறிய பிறகும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பை விடக்கூடாது: ஆறியவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது.