நெஞ்சறையில் நிறையும் வாயு

நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் தூர்வார இறங்குமுன், எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். விளக்கு அணையுமாயின் எவரும் இறங்கார். காற்றிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமான கரியமிலவாயு அடியிலே தேங்கி, பிராணவாயுவை மேலே தள்ளிவிடுவதுண்டு. பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்பது இதனையே. கிணற்றில் ஆளைக் கொல்லும் இக்குணத்தையே நெஞ்சைத் திறந்து செய்யும் இதய சத்திரசிகிச்சையில் வைத்தியர்கள் காவலாகக் கொண்டுள்ளனர் என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, பிலடெல்பியா நகரில் ஜோன் கிப்பன் என்னும் வைத்தியர், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்தைத் திறந்து உள்ளிருந்த துவாரத்தை மூடினார். 1960களின் தொடக்கத்தில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் இத்தகைய சிகிச்சை நடைபெறலாயிற்று. இன்று பல்லேபொலவிலிருந்து ஒருவர் இதற்கென நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கண்டித் தேசிய வைத்தியசாலையிலேயே செய்கிறார்கள்.

இதயத்தைத் திறந்தால் அதனுள்ளே காற்றுப் புகும். தைத்து மூடிய பின்னும் அதன் மடிப்புகளில் சிறு குமிழிகள் ஒளிந்திருக்கும். இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியதும் அவை இரத்தத்தோடு புறப்பட்டு மூளையின் நுண்குழாய்களை அடைக்கலாம். நன்றாக முடிந்த சிகிச்சைக்குப் பின்னும் நோயாளி கைகால் வழங்காமற் கண்விழிக்க இதுவும் ஒரு காரணமாகக் கூடும். காற்றிற் பெரும்பங்கு நைதரசன். அஃது இரத்தத்தில் எளிதிற் கரையாது. கரியமிலவாயுவோ அதனிலும் 40 மடங்குக்கு மேலாகக் கரைவது. ஆகவே குமிழி உண்டாகத்தான் போகிறதென்றால், விரைந்து கரைந்து மறையும் வாயுவின் குமிழியாக இருக்கட்டும் என்பதே இம்முறையின் கருத்து. நோயாளி மல்லாந்து கிடப்பதனால் திறந்த நெஞ்சறை ஒரு சிறு கிணறு போலாகிறது. கனமான வாயு அதனுட் படிந்து நிறைய, காற்று மேலே ஏறி வழிந்துவிடும்.

வாயுவை எப்படிச் செலுத்துவது என்பதிலேதான் சூட்சுமம் உள்ளது. நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம், 6 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வெறுங்குழாய் வழியே விட்டால் அது செக்கனுக்கு ஏறக்குறைய 6 மீற்றர் வேகத்தில் பாயும். (கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் செய்து பார்க்கலாம்.) அப்பாய்ச்சல் சூழ்ந்துள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே புகுந்து, எதைத் தடுக்க வந்ததோ அதையே கொண்டுவந்து சேர்க்கும். பாத்திக்கு நீர் பாய்ச்சுவோர் நீர் விழும் வாயில் ஒரு பிடி வைக்கோலை இட்டு வேகத்தைத் தணிப்பதில்லையா? ஸ்டொக்ஹோமில் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த வான் டெர் லிண்டன், பேர்சன் ஆகியோர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், குழாயின் நுனியில் மென்மையான நுரைப்பஞ்சைப் பொருத்தி வாயுவை மெல்லக் கசியச் செய்தனர். இத்துணை எளிய உபாயம் இவ்வளவு காலம் தாழ்த்தி வந்தது விந்தையே.

எனினும் இவ்வாயு நிலையாக நிற்பதன்று. வைத்தியரின் கையசைவு அதனைக் கலைக்கும். இரத்தத்தை உறிஞ்சும் குழாய் வரவினும் மிகுதியாக இழுத்தால், வெற்றிடத்தை நிரப்பக் காற்றே வரும். உறிஞ்சப்பட்ட இரத்தத்தோடு இயந்திரத்துட் சென்ற கரியமிலவாயு நோயாளியின் இரத்தத்திலும் மிகும். இயந்திரத்தை இயக்குபவர் அடிக்கடி அளந்து பார்த்து, செயற்கை நுரையீரல் வழியே அதனைக் கூடுதலாக வெளியேற்ற வேண்டும்.

குமிழிகள் குறைவது ஒலியலைப் படத்தில் தெளிவாகவே தெரிகின்றது. ஆனால் மூளைக்கு நேரும் தீங்கும் அதே அளவிற் குறைகின்றதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆதலின் நோயாளியின் தலையைத் தாழ்த்தி வைத்தல், ஊசி செலுத்திக் காற்றை வெளியேற்றுதல் ஆகிய பழைய முறைகளையும் வைத்தியர்கள் கைவிடவில்லை.