ஐம்பது வயதுவரை காத்திருக்கும் மகிழுந்து

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் முடிவில் பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் உள்ளது. அது 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 1760ஆம் ஆண்டில் எசக்கியேல் ரகாபி என்னும் வணிகர் அதனருகே ஒரு மணிக்கூண்டை எழுப்பினார். காலப்போக்கில் நலிவுற்ற அந்த மணிக்கூண்டு, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பன்னாட்டு நிதியுதவியோடு சீரமைக்கப்பட்டது. பழையதாகிவிட்டது என்பதற்காக அதனை இடித்துவிட வேண்டும் என்று எவரும் கூறவில்லை. முதுமை அதன் மதிப்பைக் கூட்டியதே அன்றிக் குறைக்கவில்லை.

மனிதன் செய்த பொருள்கள் அனைத்துக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த ஏலூரில், ஒரு வீட்டின் முற்றத்தில் 1988ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட அம்பாசடர் மகிழுந்து ஒன்று நிற்பதாகக் கொள்வோம். அதன் முதற்பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 2003இல் முடிவுற்றது. அன்றுமுதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் ஒருகாலத்தில் 600 ரூபாயாக இருந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டுகளைக் கடந்த மகிழுந்துகளுக்கு 2025இல் அதுவும் இருமடங்காயிற்று. ஒவ்வொரு முறையும் அவ்வீட்டார் முன் ஒரு வினா எழுகிறது: புதுப்பிப்பதா, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதா? மணிக்கூண்டின் வயது அதற்குக் காவலாயிற்று. மகிழுந்தின் வயது அதற்குப் பகையாகிறது.

இத்தகைய வண்டிகளைக் கொடுத்துவிட மனமில்லாதோர் நாடெங்கும் இருக்கின்றனர். டெல்லியில் 1964ஆம் ஆண்டிலேயே பழைய மகிழுந்துகளின் அணிவகுப்பைத் தி ஸ்டேட்ஸ்மேன் நாளிதழ் தொடங்கி வைத்தது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இயங்குகிறது. இவர்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அரசர்கள் ஏறிவந்த ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகளைத் துடைத்து மினுக்கிக் காட்சிக்கு வைக்கும் செல்வர் கூட்டம் என்றே பலரும் இவர்களைக் கருதுகின்றனர். அத்தகையோரும் இருக்கின்றனர் என்பது உண்மைதான். ஆயின், அரசர் வண்டியைக் காப்பதற்குப் பணம் இருக்கிறது, பணியாளர் இருக்கின்றனர். ஆசிரியரும் மருத்துவரும் வாடகை வண்டி ஓட்டுநரும் ஓட்டிய எளிய வண்டிகளைக் காப்பது எது? அறிவைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஆர்வலர்களின் தோழமைதான்.

இதனை விளக்க ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டியின் வரலாறு ஒன்றே போதும். பிரிட்டனில் 1959ஆம் ஆண்டில் ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் சிறு மகிழுந்து வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் அவ்வண்டி சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கியது. அதன் முன்பகுதி முழுவதும் ஒரே மூடிபோல முன்னோக்கிச் சாயும். அதனால் எஞ்சினின் இருபுறமும் தாராளமாக நின்று வேலை பார்க்கலாம். பட்டறைக்காரர்கள் அவ்வண்டியை விரும்பியதில் வியப்பில்லை. பிரிட்டனில் விற்ற ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே இருந்தன. இந்தியக் குடும்பங்களுக்கு அவை போதவில்லை. ஆகவே, சென்னைத் தொழிற்சாலையினர் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டைத் தாமே உருவாக்கினர். வேறெந்த நாட்டிலும் அப்படியொரு ஹெரால்டு இல்லை.

அந்நிறுவனம் 1980களின் இறுதியில் மகிழுந்து உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று ஒரு ஹெரால்டின் எஞ்சினில் ஏதேனும் தேய்ந்தால், பிரிட்டனிலுள்ள ட்ரையம்ப் வண்டி ஆர்வலர்களிடமிருந்து உதிரிபாகம் பெற வழியுண்டு. பின்கதவு துருப்பிடித்தால் என் செய்வது? அந்தக் கதவு சென்னையில் பிறந்தது. பிரிட்டனில் அதற்கு உடன்பிறப்பு இல்லை. சேலத்திலோ திருச்சியிலோ எவரேனும் ஒருவர் தம் கொட்டகையில் போட்டு வைத்திருக்கும் பழைய கதவுதான் ஒரே வழி. அது இருக்கும் இடத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும். கிடைக்காதபோது அதன் அளவுகளை எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவ்வளவுப்படி தகட்டை அடித்து வளைக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். இம்மூவரையும் இணைப்பதே இத்தகைய தோழமையின் பணி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்து வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்போரைக் காண்பவருக்கு அது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். அவ்விடத்தில் நடப்பதோ நூலில் அச்சாகாத ஒரு கல்வி.

அக்கல்வியின் பாடங்கள் சிலவற்றைப் பார்க்கலாம். கொச்சியின் உப்புக்காற்றிலும் நீண்ட மழையிலும் மகிழுந்தின் கதவு வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்தே மிகுதியும் துருப்பிடிக்கும். கண்ணாடி வழியே உள்ளிறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. அவை தூசியால் அடைபட்டால் நீர் அங்கேயே தேங்கிவிடும். மேலே வண்ணம் பூசி மறைப்பதால் பயனில்லை. ஒரு மெல்லிய கம்பியால் அத்துளைகளைத் திறந்துவிடுவதே மருந்து. மற்றொன்று: இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000ஆம் ஆண்டோடு முடிந்தது. மக்கள் நலனுக்கு அது நன்மையே. ஆயின், பழைய எஞ்சின்கள் சிலவற்றில் வால்வு அமரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஆகவே அவ்விடத்தில் கடினமான உலோக வளையத்தைப் பொருத்த வேண்டியதாயிற்று. இப்போதோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் பம்பின் சவ்வையும் கெடுக்கும். எந்தக் குழாயை மாற்ற வேண்டும், மாற்றுக்குழாய் எது என்பதை இன்று ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். அம்பாசடரைச் செய்த உத்தர்பாரா தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேட்டு அறிய வேறு இடம் இல்லை.

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு இவ்வகைக் கல்வியின் பயனுக்குச் சான்றாவார். இளமையில் வெள்ளைக்கார அலுவலர் ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைப் பிரித்தும் பூட்டியும் இயந்திர நுட்பம் கற்றார் என்பது அவர் வாழ்வில் புகழ்பெற்ற செய்தி. அவரே 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவர் பெயரை நினைவூட்டும் ஜீடீ கார் அருங்காட்சியகம் கோவை அவிநாசி சாலையில் உள்ளது. கண்டு மகிழத்தக்க இடம் அது. இருப்பினும், அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டி ஒலி எழுப்புவதில்லை, புகைவதில்லை, பழுதாவதும் இல்லை. பழுதாகாத வண்டியைக் கொண்டு எவரும் பழுதுநீக்கக் கற்க இயலாது.

ஓடும் பழைய வண்டிகளுக்கு அரசு முற்றிலும் முகம் திருப்பிக்கொண்டது எனல் தகாது. 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மத்திய அரசு ஒரு விதி வகுத்தது. அதன்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகள் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுதுநீக்கம் போன்றவற்றுக்காக மட்டுமே அவ்வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரலாம். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் இடமில்லை. விதி நல்ல விதியே. அதன் குறை ஒரே ஓர் எண்ணில் உள்ளது.

ஐம்பது வயதை அடைவதற்கு ஒரு வண்டி நாற்பத்தொன்பது வயதைக் கடந்தாக வேண்டும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் அதற்குத் தனித்தகுதி எதுவும் இல்லை. அது புதிய வண்டியும் அன்று. தொன்மை வண்டியும் அன்று. டெல்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மும்பையில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிய பத்மினி வாடகை வண்டிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. ஒரேயொரு வண்டியையேனும் அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று அங்குள்ள ஓட்டுநர் சங்கத்தினர் வேண்டினர். ஒரு நகரத்தைத் தன் முதுகில் சுமந்த வண்டிக்கு அத்தனை பேர் மன்றாட வேண்டியிருந்தது!

பிற நாடுகள் இவ்வளவு நெடுங்காலம் காத்திருக்கச் சொல்வதில்லை. 1966ஆம் ஆண்டில் தோன்றிய பன்னாட்டுத் தொன்மை வண்டிக் கூட்டமைப்பு, முப்பது ஆண்டு கடந்து முறையாகப் பேணப்படும் வண்டியையே தொன்மை வண்டி என வரையறுக்கிறது. ஜெர்மனியில் முப்பது ஆண்டு நிறைந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்கு எண் பலகையில் தனியொரு குறியெழுத்து வழங்கப்படுகிறது. இந்தியாவும் அவ்வெல்லையை முப்பதாகக் குறைக்க வேண்டும் என்பதே ஆர்வலர்களின் தோழமைக்குச் செய்யத்தக்க முதல் உதவி.

இதற்கு மறுப்பு எழும், எழுவது முறையே. பழைய எஞ்சின் கக்கும் புகை நஞ்சு மிக்கது. மூச்சிரைக்கும் குழந்தையின் பெற்றோரிடம் சென்று மரபு பற்றிப் பேசுவது எளிதன்று. மரபு என்னும் பெயரைக் கேடயமாக்கி, நாள்தோறும் அலுவலகத்துக்குப் பழைய டீசல் வண்டியில் செல்ல விரும்புவோரும் இருக்கக்கூடும். அவர்களுக்கு இச்சலுகை உரியதன்று. அதனால்தான் எண்ணை மட்டும் மாற்றி, கட்டுப்பாடுகளை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்கிறோம். ஐம்பது வயது வண்டிக்கு உள்ள தடைகள் அனைத்தும் முப்பது வயது வண்டிக்கும் இருக்கட்டும். வேண்டுமாயின், ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் உச்சவரம்பையும் சேர்க்கலாம். திங்களுக்கு ஒருமுறை பத்துக் கிலோமீட்டர் ஓடும் வண்டியின் புகையும் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியின் புகையும் ஒன்றல்ல. கட்டணத்தையும் குறைக்க வேண்டும். 20,000 ரூபாய் ரோல்ஸ் ராய்ஸ் உரிமையாளருக்குச் சிறு தொகை, அம்பாசடர் வைத்திருக்கும் ஓய்வூதியருக்குப் பெருந்தொகை.

காலமும் ஒரு நெருக்கடியே. கார்புரேட்டரின் ஒலியைக் கேட்டே குறையைச் சொல்லும் பட்டறைக்காரர்கள் பலர் முதுமை எய்திவிட்டனர். அவர்களுடைய கைத்திறன் அடுத்தவர் கைக்கு மாற வேண்டுமானால் இடையில் ஒரு வண்டி நிற்க வேண்டும்.

மாருதி 800 வண்டிகளுள் முதலாவதன் சாவியை 1983 டிசம்பர் 14ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். அவர் 2010இல் மறைந்தபின் அவ்வண்டி கேட்பாரற்று நலிந்தது. பின்னர் அந்நிறுவனமே அதனைச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. முதல் வண்டி என்பதால் அது பிழைத்தது. ஏலூர் முற்றத்து அம்பாசடர் எதற்கும் முதலாவது அன்று. அதற்கு அடுத்த புதுப்பிப்பு 2028இல் வரும். ஐம்பது நிறைவதோ 2038இல்.