புகழ் ஒருவருக்கு, தண்டனை வீட்டாருக்கா?

கன்னிவாடி கடைத்தெருவில் ஒரு தாய் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முகம் தெரியாத ஒருவன் அவள் எதிரே வந்து, "உன் மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்களாமே, என்ன காரணம்?" என்று கேட்கிறான். கேட்பதோடு நில்லாமல் படமும் பிடிக்கிறான்.

ஊர் பார்த்துக்கொண்டு நிற்குமா? கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார். "யாரப்பா நீ? வயதான அம்மாவிடம் கேட்கிற கேள்வியா இது?" என்று நாலு பேர் கூடிவிடுவார்கள்.

திண்டுக்கல் சீமையில் எந்த ஊருக்கும் இதுதான் நியாயம். ஆனால் அந்த மகன் சினிமா நடிகராக இருந்துவிட்டால் நியாயம் மாறிவிடுகிறது. அதே கேள்வி "பரபரப்புச் செய்தி" ஆகிறது. தட்டிக் கேட்டிருக்க வேண்டிய அதே நாலு பேர், டீக்கடையில் உட்கார்ந்து அதைச் செல்போனில் பார்க்கிறார்கள்.

விரும்பி வந்தவர் யார்?

நடிகர் புகழை விரும்பி வந்தவர். கைதட்டலும் அவருக்கு, கண்டனமும் அவருக்கு. அவர் நடிப்பு மோசம் என்று எழுதலாம். மேடையில் அவர் பேசியது தவறு என்று எழுதலாம்.

ஆனால் அவருடைய தாய் மேடை ஏறவில்லை. நோயில் படுத்திருக்கும் மனைவி ரசிகர்களைத் தேடவில்லை. பள்ளிக்கூடம் போகும் குழந்தை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

நடிகரைப் பற்றிப் பொய் எழுதினால் அவர் மறுப்பு அறிக்கை விடுவார், வக்கீல் வைப்பார். எட்டு வயதுக் குழந்தை யாரிடம் மறுப்பு அறிக்கை கொடுக்கும்? வகுப்பில் நாலு பிள்ளைகள் கேலி செய்தால், வீட்டுக்கு வந்து அழத்தான் முடியும்.

அன்று நடந்தது

இந்த நோய் புதியது அல்ல. 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கமே அதன் சரக்கு. அது நின்றபின் "இந்து நேசன்" வந்தது. சரக்கு மாறவில்லை.

1944 நவம்பர் 8-ந்தேதி வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். புகழின் உச்சியில் இருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947-ல் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

கிருஷ்ணன் சிறையில் இருந்த காலத்தில் நாடகக் குழுவைக் கட்டிக் காத்தவர் அவர் மனைவி டி. ஏ. மதுரம். வம்பு எழுதியவருக்கும் உயிர் போயிற்று. எழுதப்பட்டவர்களுக்கும் வாழ்வு குலைந்தது. இரண்டு பக்கமும் வீட்டார் அழுதார்கள். பேனாவின் அக்கிரமத்துக்குக் கத்தி பதில் ஆகாது. சட்டந்தான் பதில்.

கோர்ட்டு சொன்னது

அந்தச் சட்டத்தை 1994-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை "நக்கீரன்" வெளியிடுவது பற்றிய வழக்கு அது. வெளியிடும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்று கோர்ட்டு பத்திரிகையின் உரிமையைக் காத்தது.

கூடவே ஓர் எல்லையும் போட்டது. ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு, கல்வி இவைபற்றி அவர் சம்மதம் இன்றி வெளியிடக் கூடாது. எழுதியது உண்மையாக இருந்தாலும், புகழ்ச்சியாகவே இருந்தாலும் நஷ்டஈடு கேட்கலாம். கோர்ட்டு ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதற்கும், தானாகவே சர்ச்சையில் இறங்கியவருக்கும் இது பொருந்தாது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள்.

வெளிநாட்டிலும் இதே கவலைதான். 1997-ல் இளவரசி டயானா, படம் பிடிப்பவர்கள் காரைத் துரத்தி வர, பாரிஸ் நகர விபத்தில் மாண்டார். மக்கள் இருவருக்கும் அப்போது வயது 15, 12. தகப்பனோ தாயோ புகழ் பெற்றவர் என்பதை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையின் சொந்த வாழ்க்கையை எழுதக் கூடாது என்பது இன்று பிரிட்டிஷ் பத்திரிகைகளின் விதி. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம், பெற்றோரின் தொழிலைக் காரணமாக வைத்துக் குழந்தைகளைத் தொல்லை செய்வோருக்குத் தண்டனையை 2013-ல் கூட்டியது.

மறைக்கக் கூடாதது

"அப்படியானால் பெரிய மனிதரின் உறவினர் என்ன செய்தாலும் எழுதக் கூடாதா?" என்று கேட்கலாம். எழுத வேண்டும். மந்திரியின் மைத்துனருக்குச் சர்க்கார் கான்ட்ராக்ட் கிடைத்தால் அது ஊர்ப் பணம். ஊருக்குத் தெரிய வேண்டும். மந்திரியின் மகளுக்கு என்ன நோய் என்பது ஊர்ப் பணம் அல்ல. ஊருக்கு நஷ்டம் உண்டா என்று கேட்டால் போதும், வித்தியாசம் விளங்கிவிடும்.

வாசகர் கையில்

சட்டம் காயம் பட்ட பிறகுதான் வருகிறது. நஷ்டஈட்டுப் பணம் குழந்தையின் மனப்புண்ணை ஆற்றாது. காயமே படாமல் தடுக்கக் கூடியவர் வாசகர் ஒருவர்தான்.

லட்சுமிகாந்தன் காலத்தில் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்று விரலால் தொட்டாலே போதும். தொட்ட கணக்குக்கு விளம்பரக் காசு சேருகிறது. சாவு வீட்டில் அழும் மகளின் முகத்தை அருகில் போய்ப் படம் பிடிப்பவன், பார்ப்பதற்கு ஆள் இருக்கும் தைரியத்தில்தான் பிடிக்கிறான்.

பார்க்க ஆள் இல்லாத சரக்கை எவனும் கடை விரிக்க மாட்டான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கண்ணீரை வேடிக்கை பார்க்காத குடும்பமே நல்ல குடும்பம். அந்த அடுத்த வீடு, நடிகர் வீடாக இருந்தாலும்!